பெருக்கலில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது

பிளஸ் டூவில் வணிகக் கணிதம் படித்தவர்களுக்குப் போக்குவரத்துக் கணக்கு நினைவிருக்கும். மூன்று கிடங்குகள், நான்கு கடைகள், எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு ஒரு மூட்டை அனுப்ப என்ன செலவு என்று ஓர் அட்டவணை. வடமேற்கு மூலை விதி, மீச்சிறு செலவு முறை, வோகலின் தோராய முறை என்று போட்டுப் பார்த்து, பரீட்சையில் மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு மறந்துவிடுவோம். விதி இருக்கிறது, விடை வருகிறது. முடிந்துபோன கணக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்தக் கணக்கின் பொது வடிவத்துக்கு, இதைவிடப் பெரிதாக வேகப்படுத்த இடமில்லை என்று சொல்லத்தக்க ஒரு வழி 2022-இல்தான் கிடைத்தது. கண்டுபிடித்த ஆறு பேரில் இருவர் அப்போது ஆராய்ச்சி மாணவர்கள்.

அல்காரிதம், உகப்பாக்கம் என்கிற இரட்டைத் துறையின் குணமே இதுதான். உகப்பாக்கம் என்றால், இருக்கிற கோடிக்கணக்கான தேர்வுகளில் செலவு குறைந்ததையோ லாபம் கூடியதையோ கண்டுபிடிப்பது. அல்காரிதம் என்றால், அதைக் கண்டுபிடிக்கும் படிப்படியான வழி. இத்துறையில் ஆய்வு செய்ய நினைக்கும் மாணவர்கள், “தீர்க்கப்படாத கணக்கு எது?” என்று தேடிக்கொண்டு வருகிறார்கள். தீர்ந்துவிட்டதாகப் பாடப்புத்தகம் சொல்கிற கணக்குகளை முதலில் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. இத்துறையின் பெரிய அதிர்ச்சிகளில் பாதி அங்கிருந்துதான் வந்திருக்கின்றன.

பெருக்கலையே எடுத்துக்கொள்வோம். 47-ஐ 38-ஆல் பெருக்க, மூன்றாம் வகுப்பில் கற்ற முறைப்படி நான்கு சின்னப் பெருக்கல்கள் வேண்டும்: 4×3, 4×8, 7×3, 7×8. இலக்கங்கள் இரண்டு என்றால் நான்கு, மூன்று என்றால் ஒன்பது, ஆயிரம் என்றால் பத்து லட்சம். 1960-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு நடத்திய கணித மேதை ஆந்த்ரே கொல்மகோரவ், இதைவிடக் குறைக்க முடியாது என்ற தன் ஊகத்தை முன்வைத்தார். அவர் சொன்ன காரணமும் நியாயமானதுதான்: மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெருக்கி வருகிறார்கள், சுருக்கு வழி இருந்திருந்தால் இதற்குள் யார் கண்ணிலாவது பட்டிருக்கும்.

அந்தக் கருத்தரங்கில் உட்கார்ந்திருந்த 23 வயது அனத்தோலி காரட்சூபா, ஒரு வாரத்துக்குள் சுருக்கு வழியோடு வந்துவிட்டார். அவர் வழியில் 47×38-ஐப் போட்டுப் பாருங்கள். முன்னிலக்கங்களைப் பெருக்கினால் 4×3 = 12. பின்னிலக்கங்களைப் பெருக்கினால் 7×8 = 56. இப்போது ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் கூட்டிப் பெருக்குங்கள்: 4+7 = 11, 3+8 = 11, 11×11 = 121. இந்த 121-இலிருந்து ஏற்கெனவே கையில் இருக்கும் 12-ஐயும் 56-ஐயும் கழித்தால் 53. நடுவில் வர வேண்டியது இதுதான். 1200 + 530 + 56 = 1786. நான்கு பெருக்கல் இருந்த இடத்தில் மூன்று. கூட்டல் கழித்தல் சற்றுக் கூடியிருக்கிறது, ஆனால் அவை மலிவு.

நான்குக்கு மூன்று, இதிலென்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். பெரிய எண்ணை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாக வெட்டி, அடுக்கடுக்காக இதே தந்திரத்தைச் செய்தால் லாபமும் அடுக்கடுக்காகப் பெருகும். 1,024 இலக்க எண்கள் இரண்டைப் பள்ளி முறையில் பெருக்க 10,48,576 சின்னப் பெருக்கல்கள். பத்து முறை வெட்டிக் காரட்சூபா வழியில் போனால், மிச்சம் மீதிக் கணக்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்க்க, 3-ஐப் பத்து முறை பெருக்கினால் வரும் 59,049 போதும். எண் பெரிதாகப் பெரிதாக இந்த வித்தியாசம் விரிந்துகொண்டே போகும். கொல்மகோரவ் தன் ஊகம் உடைந்ததை அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் விளக்கிவிட்டு, அந்தக் கருத்தரங்கையே நிறுத்திவிட்டாராம். 1962-இல் காரட்சூபா பெயரில் கட்டுரையையும் அவரே எழுதி வெளியிட்டார். அச்சடித்த பிரதிகள் கைக்கு வந்த பிறகுதான் அப்படியொரு கட்டுரை வந்திருப்பது காரட்சூபாவுக்குத் தெரிந்ததாம். இப்படியும் சில வழிகாட்டிகள் இருந்திருக்கிறார்கள்.

கதை அங்கே நிற்கவில்லை. 1971-இல் ஷோன்ஹாகெயும் ஸ்ட்ராசனும் இன்னும் வேகமான முறையைத் தந்து, இதைவிடச் சற்றே வேகமான ஒன்றுதான் எல்லையாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். அந்த எல்லையை 2019-இல் டேவிட் ஹார்வியும் ஜோரிஸ் வான் டெர் ஹோவனும் எட்டினார்கள். அவர்களுடைய கட்டுரையில் 1,729 பரிமாணங்களில் ஒரு கணக்கு வருகிறது. ராமானுஜன் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி ஹார்டிக்கு விளக்கிய அதே டாக்சி எண்தான். அவர்கள் கட்டுரையில் நிரூபித்திருக்கும் வேகம் செல்லுபடியாக, பிரபஞ்சத்தில் எழுதி வைக்கவே இடம் போதாத நீளமுள்ள எண்கள் வேண்டும் என்பது வேறு விஷயம். அந்த ஊக எல்லைக்கும் கீழே போக முடியாது என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பெருக்கலில்கூட இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

ஆய்வு வாய்ப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு இதிலேயே விடை உண்டு. ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு கோடுகள் போடலாம். “இவ்வளவு நேரத்தில் முடிக்க எனக்கு ஒரு வழி தெரியும்” என்பது மேல்கோடு. “இதற்குக் கீழே யாராலும் முடிக்க முடியாது என்று நிரூபித்துவிட்டேன்” என்பது கீழ்கோடு. இரண்டும் ஒட்டிவிட்டால் அந்தக் கணக்கு தீர்ந்தது. ஒட்டாத வரைக்கும், நடுவில் இருக்கும் வெற்றிடம் யாருக்கும் சொந்தமில்லாத நிலம். பெரும்பாலான கணக்குகளில் கீழ்கோடு பரிதாபமாகத் தரையோடு தரையாகக் கிடக்கிறது என்பது இத்துறைக்காரர்கள் வெளியில் அதிகம் சொல்லிக்கொள்ளாத உண்மை.

போக்குவரத்துக் கணக்குக்கு வருவோம். அதன் வரலாறு சுவையானது. 1930-இல் டால்ஸ்டாய் என்ற சோவியத் ஆய்வாளர் (நாவலாசிரியர் அல்ல), ரயில் வழியாக உப்பு, சிமெண்ட் போன்ற சரக்குகளைக் குறைந்த தூரத்தில் அனுப்புவது எப்படி என்று எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து, 1955-இல், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஹாரிஸ், ராஸ் என்ற இருவர் அதே சோவியத் ரயில் பாதைகளை வரைபடமாக்கினார்கள். 44 முனைகள், 105 இணைப்புகள். அவர்களுடைய அக்கறை வேறு: ரஷ்யாவிலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு அதிகபட்சம் எவ்வளவு சரக்கு போக முடியும், அதைத் தடுக்க எந்தப் பாதைகளைத் துண்டித்தால் போதும்? 1,63,000 டன் என்று விடை வந்தது. இந்த ரகசிய அறிக்கை, கணித வரலாற்றைத் துருவிய அலெக்சாந்தர் ஸ்கிரைவரின் முயற்சியால் 1999-இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரே தண்டவாளம், ஒருவர் அனுப்பக் கணக்குப் போட, இன்னொருவர் அறுக்கக் கணக்குப் போட்டிருக்கிறார்.

அதே ராண்டில் இருந்த ஃபோர்டும் ஃபல்கர்சனும், ஹாரிஸும் ராஸும் கேட்ட இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றே என்று நிரூபித்தார்கள். அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவும், துண்டிக்க வேண்டிய பாதைகளின் குறைந்தபட்சக் கொள்ளளவும் எப்போதும் சமம். விடையைக் காண அவர்கள் தந்த வழி எளிமையானது: மிச்ச இடமுள்ள ஏதாவது ஒரு பாதையைத் தேடு, முடிந்தவரை அனுப்பு, திரும்பவும் தேடு. முன்பு அனுப்பியதைத் தேவைப்பட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் அதில் இடமுண்டு. ஆனால் பாதையை மோசமாகத் தேர்ந்தெடுத்தால் இந்த வழி காலாகாலத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதைச் சரிசெய்தவர்களில் ஒருவர் மாஸ்கோ மாணவர் யெஃபிம் டினிட்ஸ். 1969-இல் அதெல்சன்-வெல்ஸ்கியின் அல்காரிதம் வகுப்பில், பாடத்துக்கு முன்னால் செய்துபார்க்கும் பயிற்சியாக இந்தக் கணக்கு கொடுக்கப்பட்டது. ஃபோர்டு, ஃபல்கர்சன் முறையின் அடிப்படை டினிட்ஸுக்குச் சரியாகத் தெரியாது. குட்டையான பாதைகளை முதலில் எடு, ஒரே நீளமுள்ளவற்றை மொத்தமாக ஒரே தடவையில் நிரப்பு என்று போட்டுவிட்டார். கல்லூரி அல்காரிதம் பாடத்தில் இன்றும் டினிட்ஸ் பெயரில் இருப்பது அந்த வீட்டுப்பாடம்தான்.

அடுத்த முப்பது ஆண்டுகள் மேல்கோடு அங்குலம் அங்குலமாக இறங்கியது. அதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை, ஒவ்வொன்றும் நுட்பமான வேலை என்றாலும். 1998-க்குப் பிறகு கிட்டத்தட்ட நின்றேவிட்டது.

கதவைத் திறந்தது மின்சாரம். ஒவ்வோர் இணைப்பையும் ஒரு மின்தடையாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முனைக்கும் முடியும் முனைக்கும் மின்னழுத்தம் கொடுத்தால், மின்னோட்டம் தானாகவே பாதைகளுக்குள் பிரிந்து பாயும். எப்படிப் பிரியும் என்று கணக்கிட ஒரு சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்க வேண்டும். அதை அசாத்திய வேகத்தில் தீர்க்கும் முறையை 2004-இல் ஸ்பீல்மனும் டெங்கும் தந்திருந்தார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரத்துக்குக் கொள்ளளவு என்பதே தெரியாது, சில இணைப்புகளில் அளவுக்கு மீறிப் பாய்ந்துவிடும். அப்படி மீறிய இணைப்பின் தடையைக் கொஞ்சம் கூட்டிவிட்டு மறுபடி ஓட்டு. அடுத்த சுற்றில் மின்சாரம் அந்த வழியைக் கொஞ்சம் தவிர்க்கும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால் விடைக்கு மிக அருகில் போய்விடலாம் என்று 2011-இல் ஐந்து பேர் காட்டினார்கள். ஸ்பீல்மனும் டெங்கும் அந்த ஐவரில் உண்டு. பட்டியலில் முதல் பெயர் பால் கிறிஸ்டியானோ, அப்போது எம்.ஐ.டி.யில் இளநிலை மாணவர்.

முதல் பெயர் என்பதை வைத்து எதுவும் முடிவு செய்துவிட வேண்டாம். இத்துறையில் ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில்தான் வரும். யார் அதிகம் செய்தார், யார் தலைவர் என்பதற்கும் வரிசைக்கும் சம்பந்தமில்லை. வேறு துறைகளிலிருந்து வரும் தேர்வுக் குழுக்களுக்கு இது புரியாமல், கடைசிப் பெயர்க்காரர் பாவம் என்று நினைத்துக்கொள்வது உண்டு.

அங்கிருந்து பதினொரு ஆண்டுகளில் முடிவு வந்தது. லீ சென், ராஸ்முஸ் கிங், யாங் லியு, ரிச்சர்ட் பெங், மாக்ஸிமிலியன் ப்ரோப்ஸ்ட் குட்டன்பெர்க், சுஷாந்த் சச்தேவா ஆகிய ஆறு பேர் 2022-இல் தந்த வழி, வரைபடத்தை ஒருமுறை வாசித்து முடிக்க ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சமே கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. செலவோடு சேர்ந்த கணக்குக்கும், அதாவது நம் கிடங்கு கடைக் கணக்குக்கும், அதே வேகம்தான். அவர்கள் இரண்டு பழைய மரபுகளைச் சேர்த்தார்கள். ஒன்று, 1984-இல் பெல் ஆய்வகத்தில் இருந்த நரேந்திர கர்மார்கர் தொடங்கி வைத்த உட்புள்ளி முறை. அதற்கு முன்பிருந்த டான்ட்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறை, சாத்தியமான விடைகள் எல்லாம் சேர்ந்து அமையும் வடிவத்தின் விளிம்பிலேயே நடந்து போகும், கர்மார்கரின் முறை நடுவில் புகுந்து போகும். இன்னொன்று, மாறிக்கொண்டே இருக்கும் வரைபடத்தைப் பற்றிய தகவலைக் குறைந்த செலவில் புதுப்பித்து வைத்திருக்கும் தரவுக் கட்டமைப்புகள். இந்த இரண்டு கூட்டத்தாரும் நெடுங்காலம் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆய்வு மாணவருக்கு நான் ஒரு யோசனை சொல்வதாக இருந்தால் இதைத்தான் சொல்வேன்: ஒரே துறையின் இரண்டு கிளைகளை நன்றாகப் படியுங்கள். ஒன்றைப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இதை இன்றைக்கே எடுத்துக் கம்பெனிகளில் ஓட்டலாமா என்றால், முடியாது. நடைமுறையில் பழைய முறைகளே பல இடங்களில் ஜெயிக்கும். அதுவும் ஒரு வாய்ப்புதான். காகிதத்தில் ஜெயித்ததைக் கணினியில் ஜெயிக்க வைக்கும் வேலைக்கு நல்ல நிரலாளர்கள் தேவை, அதற்குத் தனி மாநாடுகளே நடக்கின்றன.

விடையைத் துல்லியமாகக் காண்பதற்கு வழியே இல்லை என்று கருதப்படும் கணக்குகளில் போட்டி வேறு மாதிரி. எல்லா ஊர்களையும் ஒருமுறை சுற்றிவிட்டுத் திரும்பும் விற்பனையாளரின் கணக்கு அப்படிப்பட்டது. மிகக் குறுகிய பயணம் எது என்று கண்டுபிடிக்க வேகமான வழி இருக்காது என்பதே பொதுவான நம்பிக்கை. அதனால் கேள்வியை மாற்றுகிறார்கள்: குறுகிய பயணத்தைவிட அதிகபட்சம் எத்தனை மடங்கு நீளமான பயணத்தை வேகமாகக் கண்டுபிடிக்க முடியும்? 1976-இல் நிக்கோஸ் கிறிஸ்டோஃபிடிஸ் ஒன்றரை மடங்கு என்று காட்டினார். சோவியத் நாட்டில் செர்டியுகோவும் தனியாக அதையே கண்டுபிடித்திருந்தார். அதற்குப் பிறகு 44 ஆண்டுகள் பொதுக் கணக்கில் அந்த ஒன்றரை அசையவில்லை. 2020-இல் அன்னா கார்லின், ஷயான் ஓவைஸ் கரான், அவர்களுடைய மாணவர் நேதன் கிளைன் மூவரும் அதை அசைத்தார்கள். எவ்வளவு? தசமப் புள்ளிக்குப் பிறகு 35 பூஜ்யங்கள் போட்டு ஒரு 1 எழுதினால் வருகிற அளவு. லாரி டிரைவர் யாரும் கொண்டாட மாட்டார். ஆனால் ஒன்றரை என்பது சுவர் இல்லை என்று அந்தத் துளி காட்டிவிட்டது. உண்மையான எல்லை ஒன்றே மூன்றில் ஒன்றாக இருக்கலாம் என்ற பழைய ஊகம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவிலுள்ள நிலம் அப்படியே கிடக்கிறது.

இப்படிப்பட்ட கஷ்டமான கணக்குகளிலிருந்து தப்பிக்க இன்னொரு வழியும் உண்டு, அதில் சென்னைக்கு உலக அளவில் பெயர் இருக்கிறது. ஓர் ஆய்வகத்தில் 1,000 அளவீடுகள் எடுத்திருக்கிறார்கள், சில ஜோடிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சம் 10 அளவீடுகளைத் தூக்கிப்போட்டு முரணே இல்லாமல் செய்ய முடியுமா? 1,000-இல் 10-ஐத் தேர்வு செய்யும் வழிகளை எண்ணினால் 24 இலக்க எண் வரும், எல்லாவற்றையும் சோதித்து முடியாது. இப்படி யோசியுங்கள்: முரண்படும் ஒரு ஜோடியை எடுங்கள். இரண்டில் ஒன்று கட்டாயம் போயாக வேண்டும். முதலாவதைத் தூக்கிப் பார், இல்லையேல் இரண்டாவதைத் தூக்கிப் பார். மிச்சத்தில் இன்னொரு முரண் ஜோடி, மறுபடி இரண்டு கிளை. பத்து முறைக்கு மேல் கிளைக்க அனுமதி இல்லாததால் கடைசியில் 1,024 முனைகள்தான். அளவீடுகள் லட்சமானாலும் முனைகள் அதே 1,024. கணக்கின் கஷ்டம் அதன் மொத்த அளவில் இல்லை, அந்த 10-இல் இருக்கிறது.

கஷ்டத்தை இப்படி ஒரு சின்ன எண்ணுக்குள் அடைக்கும் இந்தக் கிளையை ராட் டவுனியும் மைக்கேல் ஃபெல்லோஸும் 1990-களில் வளர்த்தெடுத்தார்கள். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில், சென்னைக்காரர்கள் மேட்சயின்ஸ் என்று சொல்லும் இடத்தில், இதற்கென்று வலுவான குழு உண்டு. 2015-இல் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய, இக்கிளையின் முக்கியமான பாடநூலின் ஆசிரியர்களில் ஒருவரான சாகேத் சௌரப் அங்கே பேராசிரியர்.

மெஷின் லேர்னிங் பக்கம் போனால் வேலைக்குப் பஞ்சமே இல்லை, கூட்டமும் அதிகம். அங்கே எனக்குப் பிடித்த உதாரணம் ஆடம் என்ற முறை. நரம்பு வலைப்பின்னல்களைப் பயிற்றுவிக்க 2014-இல் வந்து, உலகமெங்கும் பரவியது. அது சரியான விடையை நோக்கிப் போகும் என்பதற்கான நிரூபணமும் கட்டுரையிலேயே இருந்தது. 2018-இல் ரெட்டி, காலே, குமார் ஆகிய மூவர் அந்த நிரூபணத்தில் ஓட்டை இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரே ஒரு மாறி உள்ள, பார்க்க அப்பாவியான ஒரு கணக்கில் ஆடம் தவறான இடத்துக்குப் போவதையும் காட்டினார்கள். எல்லோரும் பயன்படுத்துகிற ஒன்றின் நிரூபணத்தை உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பதே ஓர் ஆய்வு வாய்ப்பு.

செயற்கை நுண்ணறிவு அல்காரிதங்களையும் தானே கண்டுபிடித்துவிடாதா என்ற பயம் மாணவர்களிடம் இருக்கிறது. 2022 அக்டோபரில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாடென்சர் என்ற செயற்கை நுண்ணறிவு, ஐந்துக்கு ஐந்து அணிகளைப் பெருக்க, 0, 1 மட்டும் உள்ள எண் அமைப்பில், 96 பெருக்கல்கள் போதும் என்று கண்டுபிடித்தது. சில நாட்களில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலிருந்து கவர்ஸும் அவருடைய மாணவர் மூஸ்பவரும் அதை 95 ஆக்கினார்கள். இயந்திரம் தந்த விடையிலிருந்து புறப்பட்டுத்தான் அங்கே போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இனி இப்படித்தான் மாறி மாறி நடக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் இருந்துகொண்டு இதையெல்லாம் செய்ய முடியுமா என்பதற்குப் பதில் 2002 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. ஓர் எண் பகா எண்ணா என்று சந்தேகத்துக்கு இடமின்றி, வேகமாகச் சோதிக்கும் வழியைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் கண்டுபிடித்தார்கள். அதற்கு 2006-இல் கிடைத்த விருதுகளில் ஒன்று, மேலே பார்த்த ஃபல்கர்சனின் பெயரால் வழங்கப்படுவது. தேவைப்பட்டது கரும்பலகை. துகள் இயற்பியலுக்கோ மரபணு ஆய்வுக்கோ வேண்டிய கோடிகள் இங்கே வேண்டாம்.

வேண்டியது வேறு. நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, வரைபடக் கோட்பாடு மூன்றும் கைவசம் இருக்க வேண்டும். நிரூபணம் எழுதிப் பழகியிருக்க வேண்டும், நம் பொறியியல் கல்லூரிகள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இதைத்தான். பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, கட்டுரைகள் ஆர்க்கைவ் தளத்தில். இளநிலைக்கே இந்தப் பக்கம் வர விரும்பினால் சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு மேட்சயின்ஸ், சென்னை ஐ.ஐ.டி., பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., மும்பை டி.ஐ.எஃப்.ஆர். என்று பட்டியல் நீளும். விடுமுறையில் ஒரு பேராசிரியரிடம் இரண்டு மாதம் வேலை செய்ய அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை உண்டு. இந்தியாவில் இத்துறையின் மாநாடு 1981 முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கிறது.

பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதும்போது “எனக்கு அல்காரிதங்களில் ஆர்வம்” என்று எழுதினால் பதில் வராது, அப்படி அவர்களுக்கு வாரத்துக்குப் பல கடிதங்கள் வரும். அவருடைய ஒரு கட்டுரையைக் கடைசிவரை படியுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், தங்களால் முடிக்க முடியாமல் விட்ட கேள்விகளை அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்து, மிகச் சின்ன உதாரணத்துக்காவது போட்டுப் பார்த்து, எந்த வரியில் மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.